கருகிய வேம்பும் அடியில் காளான் விட்ட மயில்கொன்றையும்

ஆந்திராவில் நகரிக்குப் பக்கத்துக் கிராமம், வாசலில் தாத்தா வைத்த வேப்பமரம், கார்த்திகை பிறந்ததிலிருந்து கொழுந்து கொழுந்தாகக் கருகி, இப்போது பாதி மரம் நெருப்பில் வாட்டியதுபோல் நிற்கிறது, என்ன மருந்து அடிக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் எழுதியதை முழுக்கப் படித்தால் மருந்தைவிடப் பெரிய மூன்று கவலைகள் தெரிகின்றன. மரம் செத்துவிட்டதா? இட வழக்கு இருக்கிற பக்கத்து வீட்டுக்காரர் ஏதாவது ஊற்றிவிட்டாரா? ஓட்டின் மேல் சாய்வதற்குள் வெட்டிவிட வேண்டுமா? இவற்றுக்கு நடுவில், கிணற்றோரம் இருக்கும் புங்க மரங்களின் இலையில் விரல் விரலாக ஏதோ முளைத்திருக்கிறது என்று ஒரு வரி. கடைசியில், தெருப்பக்கம் இருக்கும் மயில்கொன்றையின் (குல்மோகர்) அடியில் மழைக்குப் பிறகு தட்டு மாதிரி ஒரு காளான் வந்திருக்கிறது, மரம் நன்றாகத்தான் இருக்கிறது என்று இன்னொரு வரி.

என்னைக் கேட்டால் உங்கள் கேள்வியின் முக்கியமான வரி அந்தக் கடைசி வரிதான். அதற்கு வருகிறேன். நான் எழுதுவதைப் படித்து முடிக்கும் வரையிலாவது அந்த மயில்கொன்றையின் கீழ் மாட்டைக் கட்டாதீர்கள், வண்டி நிறுத்தாதீர்கள், பிள்ளைகளை விளையாட விடாதீர்கள். வேம்பைப் பொறுத்தவரை, நீங்கள் அனுப்பிய மூன்று படங்களில் தெரிகிற அளவுக்கு, அது பிழைத்துக்கொள்ளும் என்றே நினைக்கிறேன்.

நான் தோட்டக்கலை படித்தவன். திருத்தணி, பள்ளிப்பட்டு, நகரி, புத்தூர் வட்டாரத்தில் மாந்தோப்புகளிலும் சாலையோர மரங்களிலும் பல வருடம் வேலை செய்தவன். அந்த மண்ணும் அங்கே ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிற மழையும் எனக்குப் பழக்கம். ஆனால் படத்தில் கிளை தெரியும், வேர் தெரியாது. அதனால் எது நிச்சயம், எது என் ஊகம் என்பதை அங்கங்கே பிரித்துச் சொல்கிறேன். நேரில் பார்த்தால்தான் சொல்ல முடியும் என்கிற இடத்தில் அதையும் சொல்கிறேன்.

முதலில் பக்கத்து வீட்டுக்காரர் மேல் இருக்கும் சந்தேகத்தை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அதில் ஒரு உறவு கெடுகிறது. வீட்டை விட்டு இறங்கி புத்தூர் சாலையில் கொஞ்ச தூரம் நடந்து பாருங்கள். வழியில் இருக்கும் வேம்புகளில் எத்தனை இதேபோல் நுனி கருகி நிற்கின்றன என்று பாருங்கள். கோயில் வாசல் வேம்பு, பள்ளிக்கூடத்து வேம்பு, யாருக்கும் சொந்தமில்லாத ஏரிக்கரை வேம்பு எல்லாம் கருகியிருந்தால் அது ஒரு மனிதர் செய்த வேலை இல்லை. ஊற்றிக் கொன்ற மரம் வேறு மாதிரி இருக்கும். அது ஒன்று மட்டும் சாகும், பருவம் பார்க்காமல் சாகும், பெரும்பாலும் மரம் முழுவதும் ஒருசேர வாடும். அடிமரத்தில் துளை போட்ட தடமோ, பட்டையைச் சுற்றி உரித்த தடமோ, புல்கூட முளைக்காத ஒரு வட்டமோ இருக்கும். உங்கள் படத்தில் கருகல் கிளை நுனிகளில்தான் தொடங்கியிருக்கிறது. அடியில் பட்டை முழுதாக இருக்கிறது, பக்கத்தில் துளசிகூடப் பச்சையாக நிற்கிறது. இதை வைத்து அவர் மேல் பழி போட எந்த ஆதாரமும் இல்லை.

இந்தக் கருகல் உங்கள் ஊருக்குப் புதிதும் இல்லை. 2021 கடைசியில் தெலங்கானாவிலும் ஆந்திராவிலும் ஊர் ஊராக வேம்புகள் காய்ந்து பழுப்பாகி நின்றதைப் பலரும் பார்த்தார்கள். அந்த வருடம் நவம்பரில் திருப்பதி, சித்தூர் பக்கம் வெள்ளம் வரும் அளவுக்கு மழை கொட்டியது நினைவிருக்கும். வேம்பே அழிந்துவிடப் போகிறது என்று அப்போது பேச்சு எழுந்தது. அடுத்த கோடையில் அந்த மரங்களில் பெரும்பாலானவை துளிர்த்தன. தமிழ்நாட்டிலும் மார்கழி, தை மாதங்களில் இது வந்து போவதைக் கவனிப்பவர்கள் அறிவார்கள்.

காரணம் இரண்டு. ஒன்று பூச்சி, மற்றொன்று பூஞ்சை. பூச்சியின் பெயர் தேயிலைக் கொசு. இது ரத்தம் குடிக்கும் கொசு இல்லை, செடியின் சாறை உறிஞ்சும் நாவாய்ப்பூச்சி. அரை அங்குலத்துக்கும் குறைவு, ஒல்லியான செம்பழுப்பு உடல், கறுத்த தலை, முதுகில் குண்டூசி நட்டு வைத்த மாதிரி ஒரு முள். இது முந்திரியிலும் கொய்யாவிலும் வேம்பிலும் வரும். காலையிலும் சாயங்காலத்திலும் இளந்தளிர்களில் உட்கார்ந்து ஊசி வாயைச் செருகி உறிஞ்சும். உறிஞ்சுவதைவிட, உறிஞ்சும்போது அது உள்ளே விடுகிற எச்சில்தான் கேடு. குத்திய இடத்தைச் சுற்றித் திசு செத்துக் கறுக்கும், சில இடங்களில் பிசின் கசியும், குத்துகள் சேர்ந்தால் அந்தக் கொழுந்து முழுக்கக் காயும். காய்ந்த இலை உடனே உதிராமல் தொங்கிக்கொண்டே இருப்பதால்தான் மரம் எரிந்த மாதிரி தெரிகிறது. மழைக்குப் பின் தளிர் விடுவதும், குளிர் இறங்குவதும், இந்தப் பூச்சி பெருகுவதும் அங்கே ஏறக்குறைய ஒரே சமயத்தில் நடக்கின்றன.

பூஞ்சையின் பெயர் ஃபோமாப்சிஸ் அசாடிராக்டே. 1997-ல் இந்திய வேம்பிலிருந்து தனி இனமாக விவரிக்கப்பட்டது. நுனியிலிருந்து அடி நோக்கிக் கிளை காய்வது இதன் வேலை, அதனால்தான் இதை நுனிக்கருகல் என்கிறோம். பூங்கொத்தும் கருகும், காயும் அழுகும். மழைத் தொடக்கத்தில் மெல்ல ஆரம்பித்து மழை முடியும் சமயத்தில் உச்சத்துக்கு வரும். மழைச் சாரலில் வித்துகள் தெறித்துப் பரவும், விதை வழியாகவும் போகும். காய்ந்த குச்சி ஒன்றை ஒடித்து வெயிலில் சாய்த்துப் பாருங்கள். பட்டை மேல் ஊசி முனையளவு கறுப்புப் புள்ளிகள் எழும்பியிருந்தால் பூஞ்சை இருக்கிறது என்பதற்கு அது ஒரு குறி. ஆனால் செத்த குச்சியில் குடியேறுகிற வேறு பூஞ்சைகளும் இப்படிப் புள்ளி வைக்கும் என்பதால், உறுதியாகச் சொல்ல ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்க வேண்டும்.

இரண்டும் சேர்ந்து வருவது உறுதி. எது முதலில், எது பின்னால் என்பதில்தான் ஆய்வாளர்களிடையே ஒரே கருத்து இல்லை. பூச்சி குத்திய புண் வழியாகப் பூஞ்சை எளிதாக நுழைகிறது என்பது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது, ஏனென்றால் மோசமாகக் கருகிய மரங்களில் இரண்டின் தடயத்தையும் சேர்த்தே பார்த்திருக்கிறேன். இது என் அனுபவத்தில் எழுந்த எண்ணம், நிரூபணம் அல்ல.

இப்போது மரம் உயிரோடு இருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். கருகிய கிளையில் நுனியிலிருந்து ஒரு முழம் உள்ளே வந்து, நகத்தாலோ பேனாக்கத்தியாலோ பட்டையை லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சையாக ஈரமாக இருந்தால் அந்த இடம் உயிரோடு இருக்கிறது. பழுப்பாக வறண்டிருந்தால் இன்னும் ஒரு சாண் உள்ளே வந்து சுரண்டுங்கள். பச்சை எங்கே தொடங்குகிறது என்பதைப் பல கிளைகளில் பாருங்கள். விரல் கனக் கிளைகளிலேயே பச்சை வந்துவிட்டால் கவலை இல்லை. கை கனக் கிளைகளும் வறண்டிருந்தால்தான் நேரில் ஆள் வந்து பார்க்க வேண்டும். எப்படியானாலும் பங்குனி முடியும் வரை வெட்டுவது பற்றிப் பேசாதீர்கள். வேம்பு மாசி, பங்குனியில்தான் மரம் முழுக்கப் புதுத்தளிர் விடும். தண்டிலும் வேரிலும் அது சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்து ஒரு பருவத்து இலையை இழந்தாலும் மறுபடி துளிர்க்கப் போதும். கேரளத்தில் நிலம்பூர் தேக்குத் தோட்டங்களில் இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். அங்கே ஒரு புழு வருடா வருடம் தேக்கை மொட்டையாக்கும். பீச்சியிலுள்ள கேரள வன ஆராய்ச்சி நிலையத்தார் ஆராய்ந்தபோது, அந்தத் தாக்குதலால் மரம் பெருக்கக்கூடிய கனத்தில் சுமார் 44 சதவீதம் குறைகிறது, ஆனால் மரம் சாவதில்லை என்று கண்டார்கள். இலை போவது வேறு, உயிர் போவது வேறு. ஆனால் வருடா வருடம் தொடர்ந்து நுனி கருகினால், அதோடு வேருக்கும் மூச்சு முட்டினால், வயதான வேம்பும் தளர்ந்து போகும். கன்றுகளோ ஒரே தாக்குதலில்கூடச் சாகலாம்.

மருந்துக் கடையில் கொடுத்ததாக நீங்கள் எழுதியது கார்பென்டாசிம் என்ற பூஞ்சைக்கொல்லியும் புரொஃபெனோபாஸ் என்ற பூச்சிக்கொல்லியும். கடைக்காரர் சம்பந்தமில்லாததைக் கொடுக்கவில்லை. 2021-க்குப் பிறகு வேம்புக்கு இந்த வகை மருந்துகளையே வேளாண் பல்கலைக்கழகத்தாரும் சொன்னார்கள். நாற்றங்காலிலும், ஆள் உயரக் கன்றுகளிலும், கருகல் தொடங்கும் நேரத்தில், லிட்டருக்கு ஒரு கிராம் கார்பென்டாசிம் கலந்து தெளிப்பதில் பயன் இருக்கிறது. உங்கள் மரத்துக்கு நான் வேண்டாம் என்பேன். ஓட்டு வீட்டுக்கு மேலே போய்விட்ட மரத்தின் உச்சித் தளிருக்குக் கைத்தெளிப்பான் எட்டாது. எட்டாத மருந்து காற்றில் மிதந்து உங்கள் முற்றத்திலும் கிணற்றிலும் அரிசி காயும் பாயிலும்தான் இறங்கும். இப்போது தை பிறந்துவிட்டது, பூச்சி செய்ய வேண்டிய கேட்டைச் செய்து முடித்துவிட்டது. காய்ந்ததை மருந்து பச்சையாக்காது. எல்லாவற்றுக்கும் மேல், இன்னும் சில வாரங்களில் அந்த மரம் பூக்கும், தேனீ வரும், உகாதிப் பச்சடிக்கும் ரசத்துக்கும் நீங்கள் அந்தப் பூவைத்தான் பறிப்பீர்கள், பல் துலக்க அந்தக் குச்சியைத்தான் ஒடிப்பீர்கள். அந்த மரத்தில் புரொஃபெனோபாஸ் அடிக்க என் மனம் ஒப்பவில்லை.

இதில் நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஒரு வரலாறும் இருக்கிறது. காசர்கோடு மாவட்டத்தில் முந்திரித் தோட்டங்கள் மேல் ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளித்தது இதே தேயிலைக் கொசுவை ஒழிக்கத்தான். சுமார் இருபது வருடம் தெளித்தார்கள். அந்தக் கிராமங்களில் பிறந்த பிள்ளைகளின் நிலையை நாடே பார்த்தது, 2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்த மருந்துக்குத் தடை விதித்தது. தேயிலைக் கொசு இன்றும் முந்திரியில் இருக்கிறது.

பூச்சிக்குப் பூச்சியே எதிரி என்பதை நம் பக்கமே நேரில் பார்த்தோம். 2008-ல் கோயம்புத்தூரில் முதலில் தெரிந்த பப்பாளி மாவுப்பூச்சி இரண்டே வருடத்தில் பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி என்று எல்லாவற்றையும் வெள்ளையாக அப்பிக்கொண்டது. விவசாயிகள் அடித்த மருந்துகளுக்கு அது அடங்கவில்லை. 2010-ல் பியூர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டு வந்த ஒட்டுண்ணிக் குளவியை விட்ட பிறகுதான், அதுவும் சில மாதங்களில், அடங்கியது. உங்கள் வேம்பில் அல்லது பக்கத்து மாமரத்தில் இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டும் முசுறு எறும்பு இருந்தால் அதைக் கலைக்காதீர்கள். முந்திரித் தோப்புகளில் முசுறு நிறைந்த மரங்களில் தேயிலைக் கொசுவின் சேதம் குறைவாக இருப்பது ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. கடிக்கும்தான், ஆனால் அது உங்கள் பக்கம் நிற்கிற உயிர்.

அப்படியானால் செய்ய வேண்டியது எதுவும் இல்லையா என்றால், இருக்கிறது, அது மேலே இல்லை, கீழே இருக்கிறது. இரண்டாவது படத்தில் அடிமரத்தை ஒட்டி வட்டமாகச் சிமென்ட் போட்டிருக்கிறது. திண்ணை மாதிரி உட்கார வசதி என்று போட்டிருப்பீர்கள். சிமென்ட் விளிம்பு பட்டையில் புதைந்து, அந்த இடத்தில் மரம் வீங்கியிருப்பதும் தெரிகிறது. மரத்தின் ஊண் தேடும் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில் இரண்டடி ஆழத்துக்குள்தான் ஓடுகிறது, அதுவும் கிளை விரிப்பைத் தாண்டிப் போகிறது. அந்த மண்ணுக்குத் தண்ணீரும் காற்றும் இறங்க வேண்டும். மூடிவிட்டால் மரம் உடனே காட்டிக்கொள்ளாது. சில வருடம் தாங்கும், பிறகு ஒரு பூச்சியோ பூஞ்சையோ வரும்போது எழுந்து நிற்கத் தெம்பில்லாமல் போகும். டெல்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் இருக்கும் கான்கிரீட்டை எடுக்கச் சொல்லி 2013-ல் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவே போட்டது. உங்கள் கருகலுக்குச் சிமென்ட்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை, சிமென்ட் இல்லாத மரங்களும் கருகியிருக்கின்றன. மரம் மீண்டு வரும் வேகத்தை அது தீர்மானிக்கும் என்று சொல்கிறேன். உளியும் சுத்தியும் கொண்டு, பட்டையில் காயம் படாமல், அடிமரத்தைச் சுற்றிலும் மூன்றடி தூரத்துக்காவது உடைத்து எடுங்கள். கடப்பாறை போட்டு நெம்ப வேண்டாம், வேர் கிழியும். எடுத்த இடத்தில் மண்ணைக் கொட்டி மேடாக்காதீர்கள், அடிமரம் வேராக விரிகிற இடம் வெளியே தெரிய வேண்டும். மக்கிய எருவையும் காய்ந்த இலையையும் அடிமரத்தை ஒட்டாமல் ஒரு கை தள்ளிப் பரப்புங்கள். மாசியிலிருந்து மழை வரும் வரை பத்து நாளுக்கு ஒரு முறை, கிளை விரிப்பின் ஓரத்தில் ஆழமாக நனைகிற மாதிரி தண்ணீர் விடுங்கள். துணி துவைத்த தண்ணீரும், தறிக்காரர் வீடுகளிலிருந்து வரும் சாயத் தண்ணீரும் அந்தப் பக்கம் தேங்காமல் வாய்க்காலைத் திருப்பிவிடுங்கள்.

காய்ந்த குச்சிகளை வெட்டுவது நல்லது, ஏனென்றால் பூஞ்சை அடுத்த மழை வரை அதில்தான் தங்கும். ஆனால் துளிர் வந்த பிறகு, வெயில் நாளில், ஈரமில்லாதபோது வெட்டுங்கள். அப்போது எது செத்தது, எது உயிர் என்று மரமே காட்டிவிடும். பச்சை தெரிகிற இடத்துக்கு அரையடி உள்ளே தள்ளி வெட்டி, வெட்டியதை எரித்துவிடுங்கள், மரத்தடியில் வைத்து அல்ல. பெரிய கிளை என்றால் முதலில் அடிப்பக்கம் கொஞ்சம் அறுத்துவிட்டு, பிறகு சற்றுத் தள்ளி மேலிருந்து அறுத்துக் கிளையை இறக்கி, கடைசியில் மீதி நிற்கும் துண்டை எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கிளை தன் கனத்தில் பட்டையை உரித்துக்கொண்டு போகும். கிளை தண்டோடு சேரும் இடத்தில் மோதிரம் போல் ஒரு தடிப்பு இருக்கும், அதை வெட்டிவிடாமல் அதற்கு வெளியே அறுக்க வேண்டும். அமெரிக்க வனத்துறையில் இருந்த அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் அறுத்துப் பார்த்து 1970களில் விளக்கியது இதுதான்: மரம் புண்ணை ஆற்றிக்கொள்வதில்லை, புண்பட்ட பகுதியைச் சுற்றிச் சுவர் எழுப்பி ஒதுக்கி வைக்கிறது. அந்தச் சுவர் எழும்பும் இடம் அந்தத் தடிப்பு. வெட்டுவாயில் தார் பூசுவது, பெயின்ட் அடிப்பது எதுவும் அழுகலைத் தடுப்பதில்லை என்பதும் அவர் கண்டது. நம் மா விவசாயிகள் போர்டோ பசை பூசுவார்கள், ஒரு கிலோ மயில்துத்தமும் ஒரு கிலோ சுண்ணாம்பும் பத்து லிட்டர் தண்ணீரும் சேர்த்தது. நுனிக்கருகல் இருக்கும் மரத்தில் அதைப் பூசுவதில் எனக்கு மறுப்பில்லை. புதுப் பூஞ்சை உட்காராமல் கொஞ்ச காலம் காக்கும், உள் அழுகலை நிறுத்தும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

செல்போன் டவர் காரணமா என்று கேட்டிருந்தீர்கள். டவரே இல்லாத சேஷாசலம் மலையடிவாரத்து வேம்பும் இதே மாதத்தில் இதே மாதிரி கருகுகிறது. அதற்குமேல் அதில் பேச ஒன்றும் இல்லை. அம்மன் குற்றமோ என்று உங்கள் பாட்டி பயப்படுவதாக எழுதியிருந்தீர்கள், அதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். அந்தப் பக்கம் வேம்பு என்றால் கங்கம்மாவும் மாரியம்மாவும்தான். மரம் பங்குனியில் துளிர்க்கும் என்று பாட்டியிடம் சொல்லுங்கள். மஞ்சள் தண்ணீர் ஊற்றுவதாலும் மஞ்சள் துணி தளர்வாகக் கட்டுவதாலும் மரத்துக்குக் கெடுதல் இல்லை. வேரின் மேல் கற்பூரம் ஏற்றுவதையும், வேல் மாட்ட ஆணி அடிப்பதையும், கம்பி இறுக்கிக் கட்டுவதையும் மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள்.

புங்க இலையில் விரல் விரலாக முளைத்திருப்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு சிலந்திப்பேன் உண்டாக்கும் முடிச்சு. பார்க்க விகாரம், மரத்துக்கு ஒன்றும் ஆகாது, ஒன்றும் செய்ய வேண்டாம். அடிமரத்தில் ஏறியிருக்கும் கரையான் மண்ணும் அப்படித்தான். அது பெரும்பாலும் மேலே செத்த பட்டையைத்தான் தின்கிறது. துடைப்பத்தால் தேய்த்துவிட்டு உள்ளே பட்டை கெட்டியாக இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

முதல் படத்தின் ஓரத்தில் வேம்பின் வலப்பக்கக் கிளையில் தடித்த வேறு மாதிரி இலை ஒரு கொத்தாகத் தெரிகிறது. அது புல்லுருவி என்றே நினைக்கிறேன். உங்கள் பக்கத்து மாந்தோப்புகளிலிருந்து சிறு குருவிகள் பழம் தின்று விதையைக் கிளையில் தேய்த்துவிட்டுப் போயிருக்கும். புல்லுருவியை மட்டும் ஒடித்தால் மறுபடி வரும், அதன் வேர் கிளைக்குள் ஊடுருவியிருக்கும். ஒட்டிய இடத்துக்கு ஓர் அடி கீழே கிளையோடு வெட்டி எடுங்கள். காய்ந்த குச்சி வெட்டும்போதே இதையும் முடித்துவிடலாம்.

இனி மயில்கொன்றை. அடிமரத்தை ஒட்டி, மேற்புறம் வார்னிஷ் பூசியது போன்ற செம்பழுப்புப் பளபளப்பு, ஓரம் வெளுப்பு, கீழ்ப்புறம் வெள்ளை, கையால் பிய்த்தால் கட்டை மாதிரி கெட்டி. நீங்கள் எழுதிய அடையாளங்கள் கானோடெர்மா என்ற பூஞ்சையோடு பொருந்துகின்றன. மயில்கொன்றை, புங்கம், தென்னை எல்லாவற்றின் வேரையும் அடித்தண்டையும் அழுக வைப்பது இது. தஞ்சாவூரில் 1952 புயலுக்குப் பிறகு தென்னையில் பெரிதாகத் தெரிந்ததால் தஞ்சாவூர் வாடல் என்றே பெயர் பெற்றது. நாம் பார்க்கும் காளான் அதன் காய்தான். அது வெளியே வரும்போது உள்ளே பூஞ்சை பல வருடம் தின்று முடித்திருக்கும். தண்ணீர் ஏற்றும் வெளிப்பகுதி கொஞ்சம் மிச்சம் இருந்தாலே மரம் பச்சையாக நிற்கும், சித்திரையில் பூத்துக் குலுங்கவும் செய்யும். தாங்கிப் பிடிக்கும் கட்டை மட்டும் உள்ளே இருக்காது. அதனால்தான் நன்றாகத்தான் இருக்கிறது என்ற உங்கள் வரி என்னைப் பயமுறுத்தியது.

மயில்கொன்றை மடகாஸ்கரிலிருந்து வந்த மரம். வேர் மேலோட்டமாகப் படரும், கட்டை நொறுங்கும் குணம் கொண்டது. 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் அடித்தபோது சென்னையில் சாய்ந்தவற்றில் இப்படிப்பட்ட வெளிநாட்டு நிழல் மரங்கள் ஏராளம். உங்கள் மரத்தில் வேர் அழுகல் வேறு. மரச்சுத்தியால் அடிமரத்தைச் சுற்றித் தட்டிப் பாருங்கள், மத்தளம் மாதிரி பொத்தென்று ஒலித்தால் உள்ளே வெற்றிடம். ஒலி கெட்டியாக இருந்தாலும் நம்பிவிட வேண்டாம், வேர் அழுகலைச் சுத்தி காட்டாது. மண்ணைக் கொஞ்சம் விலக்கிப் பெரிய வேர்கள் கையால் நசுங்குகின்றனவா என்று பாருங்கள், மரத்தின் ஒரு பக்கத்தில் மண் வெடித்து எழும்பியிருக்கிறதா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் அடுத்த காற்றுக்கு முன் இறக்கிவிட வேண்டும். ஒன்றுமே இல்லாவிட்டாலும், தெருவும் மின்கம்பியும் இருக்கிற இடத்தில் நின்று காளான் விட்ட மயில்கொன்றையை வைத்திருக்கச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. இந்த மரத்தைக் குணப்படுத்த மருந்து கிடையாது. வேரில் மருந்து ஊற்றுகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

ஆந்திராவில் மரம் வெட்டுவது 2002-ன் தண்ணீர், நிலம், மரங்கள் சட்டத்தின் கீழ் வருகிறது, வால்டா என்று சொல்வார்கள். தாசில்தார் (எம்.ஆர்.ஓ.) ஆபீசில் காளான் படத்தோடு மனுக் கொடுத்துக் கேட்டுவிட்டு வெட்டுங்கள். மரம் தெரு எல்லையில் இருந்தால் பஞ்சாயத்தையும் மின்சாரத் துறையையும் சேர்த்தே கேளுங்கள், கம்பியில் மின்சாரம் நிறுத்தாமல் யாரும் ஏறக் கூடாது. வெட்டிய பின் அடிக்கட்டையையும் கைக்கு எட்டும் வேர்களையும் தோண்டி எடுத்து எரிக்க வேண்டும். விட்டுவைத்தால் பூஞ்சை அதிலேயே இருந்துகொண்டு வேருக்கு வேர் தொட்டு நகரும். குழியை ஒரு கோடை முழுக்க வெயிலில் திறந்து போட்டு, அதே இடத்தில் மறுபடி மயில்கொன்றையோ தென்னையோ புங்கமோ வைக்காமல், பத்துப் பதினைந்தடி தள்ளி வேறு கன்று வையுங்கள். மின்கம்பிக்குக் கீழே என்றால் உயரம் போகாத மரமாகப் பாருங்கள்.

வீட்டுக்குப் பின்னால் இரண்டு தென்னை இருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். மயில்கொன்றையிலிருந்து எவ்வளவு தூரம் என்று எழுதவில்லை. முப்பது அடிக்குள் இருந்தால் இப்போதே அவற்றின் அடித்தண்டைச் சுற்றிப் பாருங்கள். செம்பழுப்பு நிறத்தில் நீர் கசிந்த தடம் இருந்தாலோ, அடிமட்டைகள் வாடித் தண்டோடு ஒட்டித் தொங்கினாலோ அது தென்னையிலும் தொடங்கிவிட்டதற்கு அடையாளம். ஆரம்பத்தில் பிடித்தால் தென்னைக்கு மட்டும் செய்ய வழி இருக்கிறது: மரத்துக்கு வருடம் ஐந்து கிலோ வேப்பம்பிண்ணாக்கு, தொழு எருவில் பெருக்கிய டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சை, ஒரு சதவீத போர்டோ கலவை மரத்துக்கு 40 லிட்டர் வேர்ப்பகுதி நனைய ஊற்றுவது. ஒரு மரத்துக்குப் பாய்ந்த தண்ணீர் அடுத்த மரத்துக்குப் போகாமல் பாத்தியைத் தனித்தனியாகப் பிரித்துவிடுங்கள். அடித்தண்டின் படமும், மயில்கொன்றையின் வேரைத் தோண்டிப் பார்த்த படமும் போட்டீர்களானால் மேற்கொண்டு சொல்கிறேன். திருப்பதியில் வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, அங்கே காளானோடு ஒரு துண்டு வேரையும் காகிதத்தில் சுற்றி எடுத்துப் போங்கள். பாலிதீன் பையில் போட்டால் வழியிலேயே வேறு பூசணம் பிடித்துவிடும்.